பூண்டில் சிலந்திப்பேன் பரப்பும் தீநுண்மிகளை இனங்காணல்

பூண்டுப் பயிரைத் தாக்கும் வைரஸ்களில் ஒரு பிரிவு சிலந்திப்பேன் வழியே பரவுகிறது. தாவர நோயியலில் இவை 'அல்லெக்சி தீநுண்மி' என்னும் பேரினத்தில் அடங்குகின்றன. கண்ணுக்கு எளிதில் தெரியாத 'அசேரியா டியூலிப்பே' என்ற சிலந்திப்பேன் இவற்றை ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்கும், சேமிப்பில் ஒரு பூண்டிலிருந்து மற்றொரு பூண்டுக்கும் கொண்டு செல்கிறது. இத்தீநுண்மிகளால் இலையில் தோன்றும் மாற்றங்கள் மிக மெல்லியவை. பல வேளைகளில் எதுவும் தோன்றுவதே இல்லை. சிலந்திப்பேன் சாறு உறிஞ்சுவதாலும் ஏறத்தாழ அதே தோற்றம் உண்டாகிறது. ஆகவே கண்ணால் பார்த்து மட்டும் இவற்றை இனங்காண முடியாது. வயலில் பார்ப்பது, உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஆராய்வது, ஆய்வகத்தில் சோதிப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் உறுதியான முடிவு கிடைக்கும்.

பூண்டில் தீநுண்மி சேரும் விதம்

நெல், கத்தரி போன்ற பயிர்கள் விதையிலிருந்து முளைக்கின்றன. தாய்ச்செடியில் உள்ள தீநுண்மிகளில் பல விதைக்குள் செல்வதில்லை. இதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் பயிர் ஓரளவு தூய்மை அடைகிறது. பூண்டுக்கு இந்த வாய்ப்பு இல்லை. பயிரிடப்படும் பூண்டு வகைகள் பொதுவாக விதை தருவதில்லை. பூண்டுப் பல்லையே ஊன்ற வேண்டும். பல் என்பது தாய்ச்செடியின் ஒரு பகுதி. தாய்ச்செடியில் இருந்த தீநுண்மி பல்லிலும் இருக்கும். அடுத்த பருவத்தில் அதன்மேல் புதிதாக ஒன்று சேரும். இவ்வாறு ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்து, ஒரே செடியில் பல தீநுண்மிகள் ஒன்றாக வாழ்வது பூண்டில் இயல்பாகிவிட்டது. இதைப் 'பூண்டுத் தீநுண்மித் தொகுதி' என்பர்.

இத்தொகுதியில் மூன்று முதன்மைக் குழுக்கள் உள்ளன.

1. போட்டி தீநுண்மிகள்: வெங்காய மஞ்சள் குட்டைத் தீநுண்மி, லீக் மஞ்சள் வரித் தீநுண்மி. இவற்றை அசுவினிகள் பரப்புகின்றன.
2. கார்லா தீநுண்மிகள்: பூண்டுப் பொது உள்ளுறை தீநுண்மி, ஷாலட் உள்ளுறை தீநுண்மி. பெரும்பாலும் வெளிப்படையான அறிகுறி காட்டாதவை.
3. அல்லெக்சி தீநுண்மிகள்: சிலந்திப்பேன் பரப்புபவை. இக்கட்டுரை இவற்றைப் பற்றியது.

பரப்பும் சிலந்திப்பேன்

சிலந்திப்பேன் பூச்சியன்று, சிலந்தி, தேள் ஆகியவற்றின் உறவினம். பெரும்பாலான சிலந்திப்பேன்களுக்கு எட்டுக் கால்கள் உண்டு. ஆனால் ஈரியோபைட் குடும்பத்தைச் சேர்ந்தவற்றுக்கு நான்கு கால்களே உள்ளன. அவையும் தலைப்பக்கமாக அமைந்திருக்கும். பின்னுடல் புழுப்போல் நீண்டிருக்கும். தென்னையில் குரும்பைகளின் தொட்டுக்கடியில் வாழ்ந்து காயைச் சொரசொரப்பாக்கும் ஈரியோபைட் சிலந்தியும் இதே அசேரியா பேரினத்தைச் சேர்ந்தது.

அசேரியா டியூலிப்பே சிலந்திப்பேனின் நீளம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். நிறம் வெண்மை. டியூலிப் மலர்ச்செடியின் கிழங்கிலிருந்து எடுக்கப்பட்டு, 1938இல் கெய்பர் என்னும் அமெரிக்க ஆய்வாளரால் விவரிக்கப்பட்டதால் இப்பெயர் பெற்றது. பூண்டு, வெங்காயம், லீக் போன்ற அல்லியம் பேரினச் செடிகளில் இது வாழ்கிறது. செடியில் விரியாத இளம் இலைகளின் மடிப்புகளிலும், பூண்டில் பல்லுக்கும் அதை மூடிய தோலுக்கும் இடையிலும் மறைந்திருக்கும். வெதுவெதுப்பான சூழலில் முட்டையிலிருந்து முதிர்நிலையை அடைய இதற்கு ஏறக்குறைய ஒன்றரை வாரமே போதும். இறக்கை இல்லாவிட்டாலும் காற்றில் மிதந்து அடுத்த வயலுக்குச் செல்லும்.

அசுவினி பரப்பும் தீநுண்மிகள் பயிர் வயலில் நிற்கும்போதுதான் பெரும்பாலும் பரவும். சிலந்திப்பேன் பரப்புபவையோ அறுவடைக்குப் பிறகும் பரவக்கூடியவை. சிலந்திப்பேன்கள் சேமிப்பில் உள்ள பூண்டிலும் உயிரோடிருந்து பெருகி, ஒரு பூண்டிலிருந்து அருகிலுள்ள பூண்டுக்கு நகர்கின்றன. அடுத்த பருவத்துக்கான விதைப்பூண்டும் அந்தக் குவியலிலேயே இருப்பதால் தீநுண்மியும் அதைப் பரப்பும் உயிரும் சேர்ந்தே வயலுக்குப் போகின்றன.

அல்லெக்சி தீநுண்மிகளின் இயல்பு

இவை ஆல்பாஃபிளெக்சிவிரிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. துகள்கள் வளையும் இழை வடிவில், ஏறத்தாழ 800 நானோமீட்டர் நீளமும் 12 நானோமீட்டர் தடிமனும் கொண்டவை. மரபுப்பொருள் ஒற்றை இழை ஆர்.என்.ஏ. ஆகும், இதில் சுமார் 9000 நியூக்ளியோடைடுகள் உள்ளன. தன்னைப் படியெடுக்கும் நொதி, செல்லிலிருந்து செல்லுக்கு நகர உதவும் புரதங்கள், உறைப்புரதம், ஆர்.என்.ஏ.வோடு பிணையும் ஒரு சிறு புரதம் ஆகியவற்றுக்கான மரபணுக்கள் இதில் வரிசையாக அமைந்துள்ளன. இனங்காணும் சோதனைகள் பெரும்பாலும் உறைப்புரதத்தையோ அதற்கான மரபணுவையோ தேடுபவை.

பூண்டிலும் அதன் உறவுப் பயிர்களிலும் காணப்படும் முக்கிய இனங்கள்: பூண்டுத் தீநுண்மி ஏ, பி, சி, டி, இ, எக்ஸ், பூண்டுச் சிலந்திப்பேன்வழி இழைத் தீநுண்மி, ஷாலட் தீநுண்மி எக்ஸ். ஷாலட் என்பது சின்ன வெங்காயத்தை ஒத்த கொத்து வெங்காயம். இறுதியாகச் சொன்ன தீநுண்மியே இப்பேரினத்தின் மாதிரி இனம்.

இனங்காணலில் நேர்ந்த குழப்பங்கள்

இத்தீநுண்மிகளின் வரலாறு, பரப்பும் உயிரை மட்டும் வைத்து நோய்க்காரணியை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு நல்ல சான்று.

முதற்குழப்பம் சிலந்திப்பேனைப் பற்றியது. 1955இல் கோதுமை வரித்தேமல் தீநுண்மியைப் பரப்புவது அசேரியா டியூலிப்பே என்று கனடாவைச் சேர்ந்த சிலைக்கூயிஸ் வெளியிட்டார். அக்காலத்தில் கோதுமையில் வாழ்வதும் பூண்டில் வாழ்வதும் ஒரே இனம் என்று கருதப்பட்டன. கோதுமையில் வாழ்வது வேறு இனம் என்பது பின்னரே தெளிந்தது. 1969இல் கெய்பர் விவரித்த அசேரியா டோசிசெல்லா என்ற பெயர் இன்று அதற்கு வழங்குகிறது. பழைய கோதுமை ஆய்வுகளைப் படிப்போர், அவற்றில் வரும் 'டியூலிப்பே' பூண்டுச் சிலந்திப்பேனைக் குறிப்பதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது குழப்பம் தீநுண்மியைப் பற்றியது. 1991இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெங்காயக் குடும்பப் பயிர்களில் சிலந்திப்பேன் பரப்பும் இழைவடிவத் தீநுண்மிகளைக் கண்டறிந்தனர். அவற்றுக்கு 'வெங்காயச் சிலந்திப்பேன்வழி உள்ளுறை தீநுண்மி', 'ஷாலட் சிலந்திப்பேன்வழி உள்ளுறை தீநுண்மி' என்று பெயரிட்டு, போட்டிவிரிடே குடும்பத்தின் ரைமோ தீநுண்மிகளோடு சேர்த்தனர். அன்றைய அறிவின்படி அது பொருத்தமான முடிவே. ரைமோ தீநுண்மிகளும் வளையும் இழை வடிவின. அவற்றையும் ஈரியோபைட் சிலந்திப்பேன்களே பரப்புகின்றன.

1992இல் உருசிய ஆய்வாளர்கள் ஷாலட் தீநுண்மி எக்ஸின் மரபு வரிசையை வெளியிட்டனர். 1993இல் சப்பானில் பூண்டிலிருந்து ஏ, பி, சி, டி என்னும் நான்கு தீநுண்மிகளின் வரிசைப் பகுதிகள் வெளிவந்தன. இவற்றின் மரபணு அமைப்பு போட்டிவிரிடே குடும்பத்தோடு ஒத்துப்போகவில்லை. போட்டிவிரிடே தீநுண்மிகள் ஒரு நீண்ட புரதத்தை உருவாக்கிப் பின்னர் அதைத் துண்டாக்கிக் கொள்பவை. பூண்டுத் தீநுண்மிகளிலோ ஒவ்வொரு புரதத்துக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. எனவே அல்லெக்சி என்னும் புதிய பேரினம் உருவாக்கப்பட்டது. வடிவமும் பரப்பும் உயிரும் ஒத்திருந்தும், உள்ளே இருந்த மரபுப்பொருள் வேறாக இருந்தது.

வயலில் காணும் அறிகுறிகள்

அல்லெக்சி தீநுண்மி தாக்கிய பூண்டில் மெல்லிய தேமல், வெளிர்மஞ்சள் கோடுகள், இலை முறுக்கம் ஆகியவை தோன்றலாம். பல செடிகள் பார்வைக்கு நலமாகவே இருக்கும். தெளிவான மஞ்சள் வரிகளும் செடி குட்டையாதலும் காணப்பட்டால், அசுவினி பரப்பும் போட்டி தீநுண்மிகளும் உடன் இருக்க வாய்ப்புண்டு.

சிலந்திப்பேன்கள் சாற்றை உறிஞ்சுவதால் மட்டுமே இலைகள் முறுக்கிச் சுருண்டு, நிறம் மங்கிக் கோடுகள் விழலாம். புதிய இலை பழைய இலையின் மடிப்பில் சிக்கி வெளிவர முடியாமல் வளைந்து நிற்பதும் உண்டு. தீநுண்மி இல்லாத செடியிலும் இது நிகழும். ஆகவே முறுக்கிய இலையைக் கண்டதும் 'வைரஸ்' என்று சொல்வதும் தவறு. சிலந்திப்பேனைக் கண்டதும் 'வைரஸ் இல்லை, இது பேனின் வேலை' என்று சொல்வதும் தவறு. இரண்டும் ஒரே செடியில் சேர்ந்திருப்பதே பெரிதும் நடப்பது.

வயலிலும் சேமிப்பிலும் செய்யத்தக்க முதற்கட்டச் சோதனைகள் பின்வருமாறு:

- பூண்டுப் பல்லின் தோலை உரித்து, 10 முதல் 20 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் பார்க்க வேண்டும். வெண்ணிறத்தில், புழுப்போன்ற மிகச்சிறிய உயிர்கள் கூட்டமாகத் தெரிந்தால் அவை ஈரியோபைட் சிலந்திப்பேன்களாக இருக்கலாம்.
- அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை நீளமுள்ள, பளபளக்கும் பால்வெள்ளை உருண்டை உடலும் எட்டுக் கால்களும் கொண்டவை தெரிந்தால் அவை கிழங்குச் சிலந்திப்பேன்கள். இவை அழுகலை மிகுவிக்கும். ஆனால் அல்லெக்சி தீநுண்மிகளைப் பரப்பும் ஈரியோபைட் இனம் இதுவன்று.
- பற்கள் சுருங்கி, உலர்ந்து, எடை குறைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஈரியோபைட் பெருகிய பூண்டு சேமிப்பில் விரைவில் வற்றும்.
- அறிகுறிகள் வயலில் திட்டுத்திட்டாக உள்ளனவா, எங்கும் சீராக உள்ளனவா என்று குறித்துக்கொள்ள வேண்டும். எங்கும் சீராக இருந்தால் விதைப்பூண்டிலேயே நோய் இருந்திருக்கலாம்.

இந்தச் சோதனைகளால் ஐயத்தை எழுப்ப முடியுமே தவிர, அதைத் தீர்க்க முடியாது.

ஆய்வகச் சோதனைகள்

எலிசா: தீநுண்மியின் உறைப்புரதத்தோடு மட்டும் பிணையும் எதிர்ப்பொருளைப் பயன்படுத்தும் சோதனை. இலைச்சாற்றைச் சிறு குழிகள் கொண்ட தட்டில் இட்டு, எதிர்ப்பொருளையும் நொதியையும் சேர்ப்பர். தீநுண்மி இருந்தால் நிறம் தோன்றும். ஒரே நேரத்தில் ஏராளமான மாதிரிகளைச் சோதிக்கலாம், செலவும் குறைவு. ஆனால் அல்லெக்சி இனங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், ஓர் இனத்துக்கான எதிர்ப்பொருள் மற்றோர் இனத்தோடும் வினைபுரியக்கூடும். எனவே 'அல்லெக்சி உள்ளது' என்பதை எலிசா காட்டும். 'எந்த அல்லெக்சி' என்பதை எப்போதும் உறுதியாகக் காட்டாது.

மின்னணு நுண்ணோக்கி: இழைவடிவத் துகள்களை நேரடியாகக் காணலாம். எனினும் போட்டி, கார்லா, அல்லெக்சி மூன்றும் இழை வடிவினவே; நீளங்களும் நெருங்கியவை. குறிப்பிட்ட எதிர்ப்பொருளைச் சேர்த்து, எந்த இழைமீது அது படிகிறது என்று பார்க்கும்போதுதான் இச்சோதனை பயன் தரும்.

சுட்டுச் செடிகள்: நோயுற்ற இலைச்சாற்றை வேறொரு செடியின் இலையில் தேய்த்து, புள்ளி தோன்றுகிறதா என்று பார்ப்பது பழைய முறை. சக்கரவர்த்திக் கீரை அடங்கிய கீனோபோடியம் பேரினச் செடிகள் இதற்குப் பயன்பட்டுள்ளன. கலப்பு நோயில் ஒரு தீநுண்மியைத் தனியே பிரித்தெடுக்கவும் இம்முறை உதவும்.

ஆர்டி-பிசிஆர்: தீநுண்மியின் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, அதன் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் முறை. இதற்கு வேண்டிய சிறு டி.என்.ஏ. துண்டுகளான தொடக்கிகள் இருவகைப்படும். பேரினம் முழுவதற்கும் பொதுவான தொடக்கிகள் அல்லெக்சி உண்டா இல்லையா என்று சொல்லும். தனி இனத்துக்குரிய தொடக்கிகள் ஏ, சி, எக்ஸ் என்று பிரித்துச் சொல்லும். பூண்டுச் சாற்றிலுள்ள கூட்டுச் சர்க்கரைகளும் பிற பொருள்களும் இவ்வினையைத் தடுக்கக்கூடும். ஆகவே செடியின் சொந்த மரபணு ஒன்றையும் உடன் பெருக்கிப் பார்க்க வேண்டும். அதுவும் பெருகவில்லை என்றால் 'தீநுண்மி இல்லை' என்ற முடிவு செல்லாது. சோதனையே நடக்கவில்லை என்றுதான் பொருள்.

வரிசையறிதல்: பெருக்கிய பகுதியின் நியூக்ளியோடைடு வரிசையைப் படித்து, அறியப்பட்ட இனங்களோடு ஒப்பிடுவது. உறைப்புரத மரபணுவிலோ படியெடுக்கும் நொதியின் மரபணுவிலோ நியூக்ளியோடைடு ஒப்புமை சுமார் 72 விழுக்காட்டுக்குக் கீழே, அல்லது அமினோ அமில ஒப்புமை சுமார் 80 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் வேறு இனம் என்று கொள்வது இக்குடும்பத்துக்கான வழக்கம். அண்மைக் காலத்தில், செடியிலுள்ள ஆர்.என்.ஏ. முழுவதையும் ஒரே முறையில் படிக்கும் உயர்திறன் வரிசையறிதல் வந்துள்ளது. எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது இதன் சிறப்பு. ஒரே பூண்டில் வாழும் பல தீநுண்மிகளை இது ஒருங்கே காட்டுகிறது.

ஒப்பீட்டு மாதிரியும் மாதிரி எடுத்தலும்

எந்தச் சோதனைக்கும் நோயற்றது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு மாதிரி ஒப்பிட வேண்டும். பூண்டில் இது எளிதன்று. சந்தையில் வாங்கிய, பார்வைக்கு நலமான பூண்டை நோயற்ற மாதிரியாக வைத்தால், அதிலும் தீநுண்மி இருக்க வாய்ப்பு மிகுதி. எலிசாவில் நலமான மாதிரியின் நிற அளவைப் போல் இரண்டு அல்லது மூன்று மடங்குக்கு மேல் வந்தால் நோய் உண்டு என்று கொள்வது வழக்கம். ஒப்பீட்டு மாதிரியிலேயே நோய் இருந்தால் அந்த எல்லை உயர்ந்துவிடும். உண்மையில் நோயுற்ற செடிகள் 'நலம்' என்று எழுதப்படும். அவை விதைப்பூண்டாக விற்கப்பட்டால் அச்சோதனையால் நன்மையைவிடத் தீமையே மிகும். ஆகவே திசு வளர்ப்பில் உருவாக்கி, பலமுறை சோதித்த செடியையே ஒப்பீட்டுக்கு வைக்க வேண்டும்.

தீநுண்மி செடி முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு செடியின் ஒரே இலையை மட்டும் எடுத்தால் தவறவிடலாம். வெவ்வேறு வயதுள்ள இலைகளிலிருந்து எடுப்பதும், பல்லை முளைக்க வைத்துச் சோதிப்பதும், ஒரே செடியை வெவ்வேறு நாள்களில் மீண்டும் சோதிப்பதும் நம்பிக்கையைக் கூட்டும்.

சிலந்திப்பேன்தான் பரப்புகிறது என்று மெய்ப்பித்தல்

நோயுற்ற செடியில் மேய்ந்த சிலந்திப்பேனின் உடலில் தீநுண்மியின் ஆர்.என்.ஏ. கிடைப்பது வியப்பன்று, அது உறிஞ்சிய சாற்றிலிருந்தே வந்திருக்கலாம். பரப்பும் திறனை மெய்ப்பிக்க, நோயுற்ற செடியிலிருந்து எடுத்த சிலந்திப்பேன்களை நோயற்ற செடிகளில் விட்டு, பின்னர் அச்செடிகளைச் சோதிக்க வேண்டும். கூடவே, நோயற்ற செடியில் வளர்த்த சிலந்திப்பேன்களை விட்ட செடிகளும், சிலந்திப்பேன் விடாத செடிகளும் இருக்க வேண்டும். முதற்குழுவில் மட்டும் தீநுண்மி தோன்றினால் முடிவு உறுதி. மூன்று குழுக்களையும் ஒப்பிட்டால் பேன் உண்டாக்கிய முறுக்கத்தையும் தீநுண்மி உண்டாக்கிய தேமலையும் பிரித்தறியவும் முடியும்.

இந்தியாவில் இதற்கு இணையான ஒன்று துவரையின் மலட்டுத் தேமல் நோய். 1930களிலேயே விவரிக்கப்பட்ட அந்நோயைப் பரப்புவது அசேரியா கஜானி என்னும் சிலந்திப்பேன் என்று 1960களில் தெரிந்தது. நோய்க்காரணியான தீநுண்மி பிரித்தறியப்பட்டதோ 2000ஆம் ஆண்டையொட்டித்தான். பரப்பும் உயிர் தெரிந்த பிறகும் நோய்க்காரணியை அறிய நெடுங்காலம் ஆயிற்று.

விளைச்சல் இழப்பு

அறிகுறி மெல்லியது என்பதால் இழப்பும் சிறிது என்று நீண்ட காலம் கருதப்பட்டது. அர்சென்டினாவில் தீநுண்மி நீக்கிய பூண்டில் ஒரே ஓர் அல்லெக்சி தீநுண்மியை மட்டும் ஏற்றிச் செய்த வயல் ஆய்வுகள் இக்கருத்தை மாற்றின. பூண்டுத் தீநுண்மி ஏ தாக்கிய செடிகளில் பூண்டின் எடை 14 முதல் 32 விழுக்காடும் விட்டம் 6 முதல் 11 விழுக்காடும் குறைந்தன. பூண்டுத் தீநுண்மி சி உண்டாக்கிய இழப்பு இதைவிடக் குறைவு. எந்த இனம் என்று பிரித்தறிவது பெயர் வைப்பதற்காக மட்டும் அன்று என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது. பூண்டு பருமனுக்கேற்ப விலை போவதால், விட்டத்தில் ஏற்படும் சிறு குறைவும் உழவரின் வருவாயைப் பாதிக்கும்.

தடுப்பு முறைகள்

தாக்கிய செடியிலிருந்து தீநுண்மியை நீக்க மருந்து தெளிப்பால் இயலாது. நோயற்ற விதைப்பூண்டு மட்டுமே வழி. பல்லின் நடுவிலுள்ள ஆக்குத்திசு நுனியை, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவில் வெட்டி எடுத்துத் திசு வளர்ப்பில் செடியாக்குவர். அந்நுனியில் தீநுண்மி மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். வெட்டுவதற்கு முன் வெப்பச் சூழலில் வளர்ப்பது வெற்றி வாய்ப்பைக் கூட்டும். இவ்வாறு பெற்ற செடிகளையும் சோதித்த பின்னரே பெருக்க வேண்டும். பெருக்கும் இடத்தில் அசுவினியைத் தடுக்கும் வலை மட்டும் போதாது; ஈரியோபைட் சிலந்திப்பேன் அவ்வலையின் கண்கள் வழியே நுழைந்துவிடும்.

விதைப்பூண்டிலுள்ள சிலந்திப்பேன்களைக் குறைக்க, பற்களை ஏறத்தாழ 54 பாகை செல்சியசு வெந்நீரில் 10 முதல் 20 நிமிடங்கள் வைக்கும் முறை உண்டு. வெப்பம் மிகுந்தால் முளைப்புத்திறன் கெடும். எனவே முதலில் சில பற்களில் செய்து பார்ப்பது நல்லது. இம்முறை சிலந்திப்பேனைக் கொல்லும். பல்லுக்குள் இருக்கும் தீநுண்மியை நீக்காது. பூண்டு, வெங்காயம் ஆகியவற்றை ஒரே நிலத்தில் அடுத்தடுத்துப் பயிரிடாமல் வேறு பயிரை இடையில் வைப்பதும், உணவுக்கான பூண்டையும் விதைப்பூண்டையும் தனித்தனியே சேமிப்பதும், வற்றிய பூண்டுகளை உடனே அகற்றுவதும் பயன் தரும்.

இந்தியாவில்

இந்தியாவில் பூண்டுத் தீநுண்மி எக்ஸ் உள்ளிட்ட அல்லெக்சி தீநுண்மிகள் பூண்டில் பதிவு செய்யப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் பூண்டு நீலகிரியிலும் கொடைக்கானல் மலைப்பகுதியிலும் விளைகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. இத்தகைய மரபு வகைகள் தலைமுறைகளாகப் பல்லிலிருந்தே பெருக்கப்பட்டு வருபவை. அவ்வகையின் இயல்புகள் எவ்வழியே காக்கப்படுகின்றனவோ, அவ்வழியே தீநுண்மியும் கடத்தப்படுகிறது. ஆகையால் ஒரு வகையைப் பேணுவதில் அதன் விதைப்பூண்டைச் சோதித்துத் தூய்மையாக்கித் தருவதும் ஒரு பகுதியாகும்.